பற்றரியில் பிழை இருக்கவில்லை



இது நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்கள் முழுவதையும் வாசியுங்கள், கொஞ்சம் காசு மிஞ்சும். கார் இல்லாதவர்களும், கடந்த சில மாதங்களில் எங்கள் வாயால் ஒரு பற்றரிக் கடையைப் பற்றி ஏதாவது கேட்டிருந்தால், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். இதை எழுதுவதே முக்கியமாக உங்களுக்காகத்தான். எழுதுவது ஒரு கை என்றாலும் நாங்கள் நாலு பேரும் வாசித்துச் சம்மதித்த பிறகுதான் போடுகிறோம்.

நாங்கள் நாலு ஆசிரியர்கள். ஏறாவூரிலிருந்து ஒரே காரில் பாடசாலைக்குப் போய் வருகிறோம். ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் கணிதம், ஒருவர் மௌலவி ஆசிரியர், ஒருவர் தமிழ். கார் எங்களில் ஒருவருடையது. பெற்றோலும் திருத்த வேலையும் நாலாகப் பிரியும். 1994இல் யப்பானில் செய்த வண்டி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அப்போது "ஒரு வருசம் பொறுப்போம், பிறகு நல்லதொன்று எடுப்போம்" என்று பேசிக்கொண்டோம். 2022இல் பெற்றோல் வரிசையில் இதே காரைத்தான் இரவிரவாகத் தள்ளிக்கொண்டு நின்றோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது. வரியோடு சேர்த்து விலையைக் கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு பழைய காரிலேயே ஏறினோம். ஆகவே 30 வயதைத் தாண்டிய இந்தக் கிழவியை நல்லபடி பார்த்துக்கொள்வதைத் தவிர எங்களுக்கு வேறு வழியில்லை.

முதலில் வந்தது ஒரு சத்தம். முன்பக்கத்திலிருந்து, அம்மியில் மணல் விழுந்து அரைபடுவது போல. ஒரு நாள் கேட்கும், மறுநாள் குறையும். காருக்குள் நாலு பேர் இருந்தால் நாலு தீர்ப்பு. "இது சில்லுப் பெயாரிங்" என்றார் கணித சேர். "பெல்ட்தான், வேறொன்றும் இல்லை" என்றார் தமிழ் சேர். மௌலவி பவர் ஸ்டேரிங் பம்ப் என்றார். விஞ்ஞான சேர் தண்ணீர்ப் பம்ப் என்று சொல்லி அதற்கு ஒரு விளக்கமும் தந்தார். நாலு பேரும் உறுதியாகச் சொன்னோம். ஒருவரும் பொனட்டைத் திறந்து பார்க்கவில்லை.

கடைசியில் பெல்ட் மாற்றினோம், சத்தம் போகவில்லை. பிறகு முன் சில்லுப் பெயாரிங் மாற்றினோம். அதற்கும் சத்தம் போகவில்லை. மாற்றிய கராஜ்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாங்கள் "இதை மாற்றுங்க" என்று சொன்னோம், அவர் மாற்றித் தந்தார்.

அதற்குப் பிறகு காலையில் கார் ஸ்டார்ட் ஆவதில் கஷ்டம் வந்தது. சாவியைத் திருப்பினால் "கிர்...ர்" என்று இழுத்து நின்றுவிடும். பற்றரிக்கு மூன்று வருடம் கடந்திருந்தது. ஊரில் ஒரு இளைஞனின் கடையில் புதிய பற்றரி ஒன்று போட்டோம். எங்களில் இருவர் ஊர்ப் பாடசாலையில் படிப்பித்த காலத்தில் தரம் 11 வரை அங்கே படித்த பிள்ளை அவன். பற்றரியைப் பூட்டிவிட்டு அவன் ஒன்று சொன்னான்.

"சேர், பழைய பற்றரி முடிஞ்சிதான் இரிக்கு. ஆனா ஒருக்கா ஒல்டநேட்டரயும் காட்டிக்கிட்டா நல்லம்."

"பாப்பம் தம்பி" என்றோம். உள்ளுக்குள், இன்னொரு செலவுக்கு அடி போடுகிறான் என்று நினைத்தோம்.

8 நாளில் மறுபடியும் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. பற்றரியைக் கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவன் ஓரிரவு சார்ஜ் பண்ணி, "பற்றரி நல்லா இரிக்கு சேர்" என்று திருப்பித் தந்தான். காசு வாங்கவில்லை. நாலைந்து நாளில் மீண்டும் அதே கதை.

அன்றைக்கு நாங்கள் தீர்ப்பு எழுதினோம். பழைய பற்றரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டித் தந்துவிட்டான் என்று. சம்பளத்தில் பாதியளவு கொடுத்து வாங்கிய சாமான், கோபம் வரத்தான் செய்தது. ஆனால் கோபத்தோடு நிற்கவில்லை. ஆசிரியர் ஓய்வறையில் சொன்னோம். ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில் சொன்னோம். வாட்ஸ்அப் குழுமம் ஒன்றிலும் போட்டோம். "சேர்மார் சொல்றாங்க" என்றால் ஊரில் அதற்கு ஒரு பெறுமதி இருக்கிறது. அந்தப் பெறுமதியை இப்படிச் செலவழித்தோம்.

இனி அந்த இரவு.

விடைத்தாள் திருத்தும் பணி முடிந்து கண்டியிலிருந்து வந்துகொண்டிருந்தோம். அசர் தொழுதுவிட்டுக் கிளம்பி, 18 வளைவில் இறங்கி, மஃரிபுக்கு மகியங்கனையில் நிறுத்தினோம். தொழுதுவிட்டு வந்து சாவியைத் திருப்பியபோது கார் ஸ்டார்ட் ஆனது. பதியத்தலாவையைத் தாண்டும்போது மழை. லைட், வைப்பர், கண்ணாடிக்குக் காற்றடிக்கும் ஃபேன் எல்லாம் ஓடுகின்றன. அப்போது டேஷ்போர்டில் சிவப்பாகப் பற்றரிப் படம் போட்ட லைட் மினுக்கத் தொடங்கியது. பத்து நிமிசம் மினுக்கும், பிறகு காணாமல் போகும். "பல்ப் வயர் லூசாயிருக்கும்" என்று எங்களில் ஒருவர் சொன்னார். மற்ற மூவரும் தலையாட்டினோம்.

மகா ஓயாவுக்குப் பிறகு அந்த லைட் அணையவே இல்லை. முன்லைட் மஞ்சளாகி, குப்பி விளக்குப் போல ஆனது. வைப்பர் மெதுவாகி நடுவில் நின்றது. கணித சேர் பின்சீற்றில் இருந்து கணக்குப் போட்டார். பற்றரி 45 அம்பியர் மணி. முன்லைட் இரண்டும் 55 வோற் வீதம் 110 வோற், அதாவது 9 அம்பியர் அளவு. எரிபொருள் பம்ப், இக்னிஷன், வைப்பர், ஃபேன் எல்லாம் சேர்த்தால் 20 அம்பியரைத் தாண்டும். நிரம்பிய பற்றரி என்றாலும் இரண்டு மணித்தியாலம்தான், இது நிரம்பிய பற்றரியும் இல்லை. அவர் கணக்கை முடிக்குமுன் என்ஜின் இரண்டு தடவை இருமியது. பெரிய புல்லுமலைக்கு இன்னும் தூரம் இருக்கும்போது கார் நின்றுவிட்டது.

அந்த வீதியைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருபக்கமும் காடு. யானை வரும் இடம். போனில் சிக்னல் இல்லை. மழை விட்ட பிறகு வலது பக்கத்தில் கொப்பு முறியும் சத்தம் கேட்டது. நாங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டு மெதுவாக ஓதிக்கொண்டிருந்தோம். நாலு பேருக்கும் வீட்டில் சின்னப் பிள்ளைகள். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

முக்கால் மணித்தியாலம் போனபின் சோளம் ஏற்றிய லொறியொன்று வந்து நின்றது. சாரதி சிங்களச் சகோதரர், நடுத்தர வயது. எங்களுடைய அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னோம். அவர் முதலில் கேட்ட கேள்வி, "சிவப்பு லைட் எரிந்ததா?"

"எரிந்தது."

"எப்போதிலிருந்து?"

"பதியத்தலாவையிலிருந்து."

எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. டோர்ச்சைப் பிடித்துப் பொனட்டைத் திறந்தார். பெல்ட் அறுந்திருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தார். அது சரியாக இருந்தது. லொறியில் 12 வோல்ட் பற்றரிகள் இரண்டு தொடராக, 24 வோல்ட்டாக இருக்கும். அவர் அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் எங்கள் பற்றரிக்கு வயர் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருந்தால் காரின் மின் சாமான் எல்லாம் எரிந்திருக்கும்.

ஸ்டார்ட் பண்ண விடவில்லை. சாவியை இக்னிஷன் வரை மட்டும் திருப்பச் சொன்னார். ஒரு ஸ்குறூட்ரைவரின் நுனியை ஒல்டநேட்டரின் பின்பக்கம், நடுவில் பெயாரிங் இருக்கும் இடத்தில் வைத்தார். வைத்து எடுத்தார். வைத்து எடுத்தார். "காந்தம் இல்லை" என்றார். பிறகு ஸ்பெனரின் கைப்பிடியால் அதன் பின்புறத்தை மெதுவாக நாலு தட்டுத் தட்டினார். மறுபடி ஸ்குறூட்ரைவரை வைத்தார். "டக்" என்று ஒட்டிக்கொண்டது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

சிவப்பு லைட் அணைந்தது. முன்லைட் வெள்ளையாகப் பாய்ந்தது. வீட்டுக்குப் போகும்வரை என்ஜினை நிறுத்த வேண்டாம், ஃபேனைப் போட வேண்டாம், நாளைக்கே கழற்றிப் பாருங்கள், இது கடைசி மூச்சு என்று சொல்லிவிட்டு, கரடியனாறு தாண்டிச் செங்கலடி வரை எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். காசு நீட்டினோம், வாங்கவில்லை. ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டார். அவருடைய பெயரைக்கூடக் கேட்காமல் விட்டது இன்றுவரை மனதில் இருக்கிறது.

எங்களில் விஞ்ஞானம் படிப்பிப்பவர் அதற்குப் பிறகு வீடுவரை பேசவில்லை. மின்காந்தத் தூண்டலை அவர் ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் படம் வரைந்து படிப்பிப்பவர். ஃபரடே 1831இல் கண்டுபிடித்த அதே விஷயம்தான் ஒல்டநேட்டருக்குள் நடக்கிறது. உள்ளே சுழலும் கம்பிச் சுருளுக்கு இரண்டு சின்னக் கார்பன் பிரஷ் வழியாக மின் போகும், சுருள் காந்தமாகும். அது சுழலும்போது சுற்றியிருக்கும் மற்றக் கம்பிச் சுருள்களில் ஆடலோட்டம் பிறக்கும். அதை 6 இருவாயிகள் நேரோட்டமாக்கி அனுப்பும். பிரஷ் தேய்ந்து தொடாமல் போனால் காந்தம் இல்லை, மின்னும் இல்லை. தட்டியதும் பிரஷ் அசைந்து ஒரு தடவை தொட்டது. பரீட்சையில் இதைக் கேட்டால் நாங்கள் பிள்ளைகளிடம் முழுப் புள்ளி எதிர்பார்ப்போம். எங்கள் காரின் பொனட்டுக்குக் கீழே அது கிடந்தபோது எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

அடுத்த நாள் ஸுபஹுக்குப் பிறகு மௌலவி சும்மா பொனட்டைத் திறந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். இரவு முழுவதும் நின்ற கார், என்ஜின் குளிர்ந்து கிடக்கிறது. ஒல்டநேட்டர் மட்டும் இளஞ்சூடு. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

ஊரில் வயசான வயரிங் பாஸ் ஒருவர் இருக்கிறார். காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடம் கொண்டுபோனோம். போனதும் "காக்கா, ஒல்டநேட்டர் மாத்தணும்" என்றோம். அவர் ஸ்பெனரைத் தொடவில்லை. பிளாஸ்டிக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"மாத்தலாம். சத்தம் என்ஜினோட கூடுதா, ஓட்டத்தோட கூடுதா?"

இரண்டு மாதமாக அந்தச் சத்தத்தோடு பிரயாணம் செய்த நாலு பேர். ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

அன்று காக்கா செய்ததை அவர் செய்த ஒழுங்கிலேயே கீழே எழுதுகிறோம். பழைய கார் வைத்திருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் சத்தம் எதோடு சேர்ந்து வருகிறது என்று பாருங்கள். கார் நிற்கும்போது அக்ஸிலேற்றரை மிதித்தால் சத்தம் கூடுகிறதா? அப்படியென்றால் அது என்ஜினோடு சுற்றும் சாமான்: ஒல்டநேட்டர், தண்ணீர்ப் பம்ப், பவர் ஸ்டேரிங் பம்ப், பெல்ட் இறுக்கும் புளி. நிற்கும்போது ஒன்றும் இல்லாமல், ஓடும்போது வேகத்தோடு மட்டும் கூடினால் சில்லுப் பக்கம். சந்தேகம் என்றால், வாகனம் இல்லாத நேரான வீதியில் நியூற்றலுக்கு எடுங்கள். என்ஜின் தணிந்தும் சத்தம் தணியவில்லை என்றால் சில்லுப் பெயாரிங் அல்லது டயர். வீதி மாறும்போது சத்தமும் மாறினால் டயர். இடப்பக்கம் மெதுவாக வளைக்கும்போது சத்தம் கூடினால் பாரம் ஏறும் வலப்பக்கச் சில்லைப் பாருங்கள், வலப்பக்கம் என்றால் இடது. எங்கள் சத்தம் நின்ற இடத்திலேயே என்ஜினோடு கூடியது. நாங்கள் சில்லுப் பெயாரிங்குக்குக் கொடுத்த காசு வீண்.

2. பெல்ட்டா, பெயாரிங்கா? என்ஜின் ஓடும்போது பெல்ட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் உடனே மாறினால் பெல்ட். மாறவே இல்லை என்றால் பெயாரிங் பக்கம் பாருங்கள். எங்கள் சத்தம் மாறவில்லை.

3. எந்தப் பெயாரிங்? நீளமான ஸ்குறூட்ரைவரின் நுனியைச் சாமானின் உடம்பில் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கேளுங்கள். வைத்தியர் ஸ்டெதஸ்கோப் வைப்பது போல. சத்தம் என்ஜின் இரும்பு வழியாகப் பரவி எங்கேயோ கேட்கும், காது ஏமாந்துபோகும். தொட்டுக் கேட்டால் ஏமாறாது. எங்கள் காரில் தண்ணீர்ப் பம்பில் வைத்தால் மெல்லிய இரைச்சல். ஒல்டநேட்டரின் பின்பக்கத்தில் வைத்தால் அம்மியில் மணல். கவனம்: சுற்றும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். கழுத்துப்பட்டியோடு போன கணித சேரைக் காக்கா பிடித்து இழுத்து, முதலில் அதைக் கழற்றச் சொன்னார். தொங்கும் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.

4. மேலும் உறுதிப்படுத்த பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில விநாடி மட்டும் என்ஜினை ஓட்டலாம். பல கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுற்றும், ஆகவே அதிக நேரம் ஓட்டினால் என்ஜின் சூடாகிவிடும். சத்தம் போனால், என்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புளியையும் கையால் சுற்றி, ஆட்டிப் பாருங்கள். நல்ல பெயாரிங் வழுக்கிக்கொண்டு சுற்றும். தேய்ந்தது சரசரக்கும், ஆடும்.

5. அதற்குப் பிறகு மீற்றர். சாதாரண மல்டிமீற்றர் போதும். சில மணித்தியாலம் ஓடாமல் நின்ற காரில் நிரம்பிய பற்றரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 என்றால் பாதி. என்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். லைட், ஃபேன் எல்லாம் போட்டாலும் 13க்குக் கீழே விழக் கூடாது. எங்களுடையது வெறுமனே 13.0. லைட்டைப் போட்டதும் 12.3. அதாவது பற்றரிதான் காரைச் சுமந்துகொண்டிருந்தது.

6. மீற்றரை ஆடலோட்ட வோல்ட்டுக்கு மாற்றி, என்ஜின் ஓடும்போது பற்றரி முனைகளில் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் இருவாயி ஒன்று பழுதாகியிருக்கலாம். எங்களுக்கு ஒரு வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டியது.

7. இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள் என்றார் காக்கா: வயர். லைட் போட்டு, என்ஜின் ஓடும்போது, ஒல்டநேட்டரின் பெரிய வயர் முனைக்கும் பற்றரியின் நேர் முனைக்கும் இடையில் மீற்றரை வையுங்கள். பிறகு ஒல்டநேட்டர் உடம்புக்கும் பற்றரியின் மறை முனைக்கும் இடையில் வையுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயரில் அல்லது எர்த்தில் துரு. கடலும் வாவியும் உள்ள எங்கள் பக்கத்தில் உப்புக்காற்று எர்த் வயரைத் தின்றுவிடும். அது தெரியாமல் ஒல்டநேட்டரை மாற்றினாலும் வருத்தம் தீராது. எங்கள் வயர்கள் நன்றாக இருந்தன.

8. ஒன்றை மட்டும் செய்யவே வேண்டாம்: என்ஜின் ஓடும்போது பற்றரி வயரைக் கழற்றிப் பார்ப்பது. டைனமோ காலத்துப் பழக்கம் அது. இப்போதைய கார்களில் அந்தக் கணத்தில் வோல்ட் எகிறி, இருவாயியும் ரெகுலேட்டரும் சில வேளை காரின் கம்பியூட்டரும் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் காக்கா ஒல்டநேட்டரைக் கழற்றினார். பிரஷ் இரண்டும் 2 மில்லிமீற்றர்கூட இல்லை. பின் பெயாரிங்கில் கிறீஸ் காய்ந்து மண்ணாகியிருந்தது, விரலால் ஆட்டினால் ஆடியது. பெயாரிங் ஆடும்போது பிரஷ் உரசும் வளையமும் நேராகச் சுற்றாது, பிரஷ் துள்ளித் துள்ளிச் சீக்கிரம் தேயும் என்றார். கடைசியில் இருவாயிகளை ஒவ்வொன்றாக மீற்றரில் பார்த்தார். ஒரு திசையில் மட்டும் மின்னை விட வேண்டிய சாமான் அது. ஒன்று இரண்டு திசையிலும் விட்டது.

"இதால இராவெல்லாம் பற்றரி ஒழுகுது" என்றார்.

மௌலவி தொட்டுப் பார்த்த இளஞ்சூடு அதுதான். நாங்கள் தூங்கும்போது புதிய பற்றரியின் மின் அந்த ஒரு இருவாயி வழியாக ஒல்டநேட்டருக்குள் போய்ச் சூடாகிக்கொண்டிருந்தது. சத்தம், காலையில் ஸ்டார்ட் ஆகாதது, இரவில் லைட் மங்கியது மூன்றையும் நாங்கள் மூன்று வருத்தம் என்று நினைத்திருந்தோம். மூன்றும் ஒரே பெட்டிக்குள் இருந்தன.

முழு ஒல்டநேட்டரும் மாற்றத் தேவைப்படவில்லை. பிரஷ், இரண்டு பெயாரிங், இருவாயித் தட்டு. பெயாரிங்கின் விளிம்பில் 6203 என்று இருந்தது. கடைசி இரண்டு இலக்கம் உள்விட்டத்தைச் சொல்லும் என்று காக்கா விளக்கினார்: 04இலிருந்து மேலே 5ஆல் பெருக்கினால் மில்லிமீற்றர் வரும், 03 என்றால் 17. கணித சேருக்கு அன்றைக்கு வந்த ஒரே சந்தோசம் அதுதான்.

வேலை முடியும்வரை பற்றரியைத் தனியாகச் சார்ஜில் போட்டிருந்தார். பிறகு பாரம் கொடுத்துச் சோதித்தார். முள் அசையவில்லை.

"பற்றரி தங்கம் மாதிரி இரிக்கு. இத எவன் தந்தான்?"

சொன்னோம்.

"நல்ல பொடியன்தானே. என்னமோ அவன் ஏமாத்துறான்டு ஊர்ல ஒரு கத கேட்டனே?"

நாங்கள் நாலு பேரும் காக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு நாலு பேருமாக அந்தப் பிள்ளையின் கடைக்குப் போனோம். எங்களைக் கண்டதும் எழும்பி, "வாங்க சேர்" என்று கதிரை துடைத்துப் போட்டான். இன்னொரு முறைப்பாட்டோடு வந்திருக்கிறோம் என்று நினைத்திருப்பான். நடந்ததைச் சொன்னோம். மாப்புக் கேட்டோம். மௌலவிதான் முதலில் கேட்டார். அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, "பரவால்ல சேர், பரவால்ல" என்று சொல்லிக்கொண்டே நின்றான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னான்.

"நீங்க கதச்ச பிறகு நாலஞ்சு பேர் பற்றரியத் திருப்பிக் கொண்டுவந்தாங்க சேர். நல்ல பற்றரி. காசத் திருப்பிக் குடுத்தன். என்கிட்ட நீங்க மாப்புக் கேட்டிட்டீங்க. அவங்களுக்கு யாரு சேர் சொல்றது?"

அதற்கு அங்கே எங்களிடம் பதில் இருக்கவில்லை. இந்தப் பதிவுதான் பதில். எந்தக் கடை என்று எங்களிடம் கேட்டவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளத் தேவையில்லை. அவனுடைய பற்றரியில் பிழை இருக்கவில்லை. எங்களுடைய பேச்சில்தான் பிழை. எங்கள் வாயால் கேட்டவர்கள், அதை வேறு யாருக்காவது சொல்லியிருந்தால், அவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுமத்திலும் இதையே போட்டுவிட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் கண்டியில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான விடைத்தாள் திருத்திவிட்டு வந்தவர்கள். செய்கை வழி எழுதாமல் விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டவர்கள். ஸூரா ஹுஜுராத்தை ஓதி, கேட்ட செய்தியை உறுதிப்படுத்துவது பற்றியும் ஆளைச் சந்தேகிப்பது பற்றியும் மௌலவி எத்தனை வகுப்பில் விளக்கியிருப்பார். காரில் ஒரு சத்தம் வந்தபோது நாலு பேரும் செய்கை வழி இல்லாமல் விடை எழுதினோம். காரின் விஷயத்தில் அதற்குக் காசு போனது. ஒரு ஆளின் விஷயத்திலும் அதே மாதிரி விடை எழுதியபோது, நட்டம் எங்களுக்கு வரவில்லை. நாங்கள் படிப்பித்த ஒரு பிள்ளைக்குப் போனது.

கார் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். காலையில் ஸ்டார்ட் பண்ண முன் டேஷ்போர்டைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு லைட் எரிய வேண்டும், என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியாவிட்டாலும் பிழை, அணையாவிட்டாலும் பிழை, மினுக்கினாலும் பிழை. நீங்களும் நாளைக்குக் காலையில் ஒருக்கா பாருங்கள்.

வீதியில் எங்களுக்கு உதவிய அந்தச் சகோதரரை யாருக்காவது தெரிந்திருந்தால் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள். எங்களுக்காகத் துஆ செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.